கதிரையைப் படமெடுத்தவன்

மருதனார்மடத்தில் போய்க் குகதாசனின் கடை எது என்று கேட்டால் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'கதிரைக் குகன்' என்று கேட்டால், வெங்காயம் நிறுப்பவர்கூடத் தராசை விட்டுவிட்டு எழும்பி வந்து வழி காட்டுவார். இந்தப் பட்டம் ஒரு கலியாண வீட்டில் அவனுக்குக் கிடைத்தது. பதினைந்து வருடமாகியும் கழலவில்லை. அதைப் பற்றி அவனுக்கு முந்தி வெட்கம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கதை.

போர் முடிந்த கையோடு கண்டி வீதி திறந்து, வெளிநாட்டுச் சனம் வெள்ளமாக வந்து போன காலம் அது. குகதாசன் அப்போது தகப்பனோடு புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் திரும்பிப் போகும்போது, சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கமரா ஒன்றை இவன் கையில் வைத்துவிட்டுப் போனான். அங்கே போய்ப் புதிது வாங்கப் போகிறானாம்.

குகதாசனுக்கு ஓர் ஆசை இருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரிய ஸ்ரூடியோக்காரர் எடுக்கிற படங்களில் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். பின்னால் இருக்கிற மரமும் மதிலும் நெய்யாக உருகிப் போயிருக்கும். அப்படி ஒரு படம் தானும் எடுக்க வேண்டும். அவனுடைய கமராவோ எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்தது. தங்கச்சியைப் படமெடுத்தால் அவள் மூக்குத்தியும் தெளிவு, அவளுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலும் தெளிவு, அதற்கும் அப்பால் அடுத்த வளவுக் கொடியில் காய்கிற பாவாடையும் தெளிவு. பட்டினத்துக்குப் போய் ஸ்ரூடியோ ஒன்றில் வழி கேட்டான். அங்கிருந்தவர் கமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உந்தச் சவுக்காரப் பெட்டியாலை அது வராது தம்பி. இதைக் கொண்டுபோய் உடுப்புத் தோய்."

அவன் விடவில்லை. கூட வந்த கையேட்டை ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தான். இன்டர்நெற் கடையில் போய் இருந்து தேடினான். இந்த வகைக் கமராவுக்குள் ஒளியைப் பிடிக்கிற தகடு சின்னவிரல் நகமளவுதான், அதனால்தான் கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரேயளவு தெளிவாக விழுகின்றன என்று தெரிந்துகொண்டான். காரணம் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி. நம்முடைய ஊரில் கலியாணத்துக்கு நாள் பார்க்க ஒருவர், கிணறு வெட்ட இடம் பார்க்க ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் ஒருவரைக் கேட்டுப் பழகிவிட்டோம். குகதாசன் யாரையும் கேட்கவில்லை. ஒன்றை மாற்றினான், மற்றதை மாற்றாமல் விட்டான், என்ன நடந்தது என்று பார்த்தான். உலகத்தில் உருப்படியாக நடந்ததெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கூட்டாளி ஜெயரூபனின் கிடாய்தான் முதலில் அகப்பட்டது. அது தோட்டத்து வரம்பில் கட்டி நின்றது. குகதாசன் சூமை முடியுமட்டும் வெளியே இழுத்தான். கிடாயின் முகம் கட்டம் முழுவதும் நிறையும்வரை கிட்டப் போனான். கிடாய்க்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத நீண்ட புகையிலைத் தறை. சூமை இழுத்தால் கை நடுங்குவது படத்தில் விழும் என்பதால் முழங்கையை வயிற்றோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து அமத்தினான். கிடாயின் தாடி மயிர் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல விழுந்தது. பின்னால் தோட்டம் பச்சைப் பாலாகக் கரைந்திருந்தது.

படத்தைப் பார்த்த ஜெயரூபனின் மனைவி, ஆட்டுக்கே இவ்வளவு வடிவென்றால் தன்னை ஒருக்கால் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். எடுக்கப் போனால் அவள் நேரே சுவரில் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அங்கேதான் குகதாசனின் உண்மையான போராட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்குப் படமென்றால் சுவர் வேண்டும், அல்லது குரோட்டன் சாடி வேண்டும், அல்லது ஆரோ ஒருவருடைய கார் வேண்டும். ஒன்றில் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் படம். ஒட்டிக்கொண்டு நின்றால் ஆளும் சுவரும் ஒரே தூரம், பிறகு எப்படி மங்கும்? ஆளைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து, பின்னால் எவ்வளவு வெளி கிடக்கிறதோ அவ்வளவும் கிடக்கிற மாதிரி நிறுத்த வேண்டும். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். முற்றத்து நடுவில் நாலு கால் பிரம்புக் கதிரை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தான். கதிரையைக் கண்டால் சனம் தானாகவே வந்து குந்திவிடும்.

ஆள் வந்து இருக்க முதல், கமராவை இயக்கியதும் வெறுங்கதிரையை ஒன்றிரண்டு தரம் எடுப்பான். வெளிச்சம் பார்க்க. இயக்கும்போது கமரா சூம் இழுபடாமல்தான் விழிக்கும், ஆகவே அந்தப் படத்தில் கதிரையோடு வளவு முழுவதும் விழுந்திருக்கும். அவனுக்கு அது குப்பை.

அயலில் நேசமலர் என்பவரின் மகள் உதயகலாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை பாரிஸ். பட்டினத்திலிருந்து வீடியோக்காரர் பட்டாளமாக வந்தார்கள். குகதாசனும் தன் சவுக்காரப் பெட்டியோடு போனான். மாமரத்துக்குக் கீழே கதிரையை வைத்து, வழக்கம்போல வெளிச்சம் பார்த்து, உதயகலாவை இருத்தி எடுத்தான். அப்படி ஒரு படம் அவன் அதற்கு முதல் எடுத்ததில்லை. நெற்றிப் பட்டத்தின் ஒவ்வொரு கல்லும் மினுங்கியது. பின்னால் கிணற்றடியும் வேலியும் மஞ்சளும் பச்சையுமாகக் கலங்கி, வண்ணக் கோலமாவைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது.

ஆனால் சீடியில் எழுதும்போது நல்லதைத் தெரிந்து எழுத அவனுக்கு அப்போது தெரியாது. கமராவில் இருந்ததெல்லாவற்றையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டான். நேசமலர் உறவுக்காரரையெல்லாம் கூப்பிட்டு விறாந்தை நிறைய இருத்தி, ரீவியில் போட்டார். முதற்படம், வெறுங்கதிரை. இரண்டாம் படம், வெறுங்கதிரை.

"என்னடா தம்பி, பாரிஸ் மாப்பிள்ளை கதிரையையே கட்டினவர்?" என்றார் நேசமலர்.

விறாந்தை சிரித்தது. பிறகு ஊர் சிரித்தது. கதிரைக் குகன் பிறந்தான்.

ஆனாலும் அந்த மணப்பெண் படம் அவனுக்குச் சோறு போட்டது. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள். சந்தியடியில் ஒரு சின்னக் கடை போட்டான். தோட்டத்தைத் தம்பிக்கு விட்டான். இன்றைக்குக் கைத்தொலைபேசியில் விரலால் தட்டினால் பின்னால் இருப்பது மங்கிவிடுகிறது, சிலவேளை காதும் சேர்ந்து மங்கிவிடுகிறது. குகதாசன் அதைப் பார்த்துச் சிரிப்பான். பெரிய கமரா ஒன்று அவனிடம் வந்து கனகாலம். ஆனாலும் சவுக்காரப் பெட்டி மேசை லாச்சிக்குள் மின்னேற்றி வைத்தபடியே இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, ஸ்கூட்டி ஒன்றைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஓர் இளம் பெண் உள்ளே வந்தாள். பெயர் தக்சாயினி. நெல்லியடியிலிருந்து வருகிறாள். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் தாதி. கதைக்கும்போதும் சிரிக்கும்போதும் கையை வாயருகே கொண்டுபோகிற பழக்கம் அவளிடம் இருந்தது. பையைத் திறந்து ஒரு படத்தை மேசையில் வைத்தாள். அதே படம். மாமரத்தடி உதயகலா. உதயகலா தன் கலியாண நாளுக்கு அதை முகநூலில் போட்டு, எடுத்தது கதிரைக் குகன் அண்ணை என்று எழுதியும் இருந்தாளாம்.

குகதாசனுக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. ஆனால் அவள் விரல் உதயகலாவில் நிற்கவில்லை. இடது பக்க ஓரத்தில், கலங்கிப் போன மஞ்சளுக்குள் ஒரு செம்மஞ்சள் திட்டில் போய் நின்றது.

"உதிலை நிக்கிறது என்ரை அம்மா அண்ணை."

தவமணி என்பது தாயின் பெயர். சலவைத் தொழிலாளர் குடும்பம். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை நடந்து வர நிலத்தில் வெள்ளைத் துணி விரிப்பார்கள், நிலபாவாடை என்பார்கள். பரம்பரை பரம்பரையாக அதை விரிப்பது இன்ன குடியின் வேலை என்று எவரோ எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவர் ஒருநாளும் குனிந்து விரித்திருக்க மாட்டார். தவமணி விரித்தாள். உதயகலாவின் கலியாணத்துக்கு அடுத்த வருடம் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். தக்சாயினிக்கு அப்போது பத்து வயது. தகப்பன் முதலே இல்லை. நெல்லியடியில் சின்னம்மாதான் வளர்த்தார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டுப் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அடையாள அட்டையை மரணம் பதியும்போதே வாங்கிவிட்டார்கள். முகநூலில் இந்தப் படத்தைக் கண்ட சின்னம்மா, அந்தச் சீலை தான் கொடுத்த சீலை என்று சொல்லி அழுதாராம்.

"முகம் மறந்து போகுது அண்ணை. குரல் நினைவிருக்கு, கை நினைவிருக்கு. முகத்தை நினைச்சால் சின்னம்மாவின்ரை முகம் வந்து நிக்குது. இதைத் தெளிவாக்கித் தருவியளோ?"

ஏற்கெனவே ஒரு கைத்தொலைபேசிக் கடையில் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அவன் ஏதோ செயலியில் போட்டு நிமிடத்தில் ஒரு முகம் செய்து கொடுத்தான். அதையும் காட்டினாள். வெள்ளைத் தோல், தீட்டிய புருவம், நாடகத்தில் வருகிற மாமியாரின் உதடு.

"வடிவான மனுசி" என்றாள் தக்சாயினி. "ஆனால் ஆரெண்டு தெரியேல்லை."

குகதாசனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை. பொய் சொல்லவும் அவனால் முடியவில்லை. மங்கினது மங்கினதுதான் என்றான். அந்தத் திட்டுக்குள் முகம் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, ஒளி அங்கே கூடாமல் சிதறிவிட்டது, ஆராவது தெளிவாக்கித் தருகிறேன் என்றால் அவர் தன் கற்பனையைத்தான் தருவார் என்றான்.

அவள் தலையாட்டினாள். எழும்பப் போனவள் கேட்டாள்.

"அம்மா எவ்வளவு தூரத்திலை நிண்டவ?"

"கிணற்றடி தாண்டி. வேலிக்கரையிலை."

"கலியாணம் இஞ்சை நடக்குது. அவ ஏன் அவ்வளவு தூரத்திலை நிண்டவ?"

குகதாசன் வாயைத் திறந்தான். விடை அவனுக்குத் தெரியும், வலிகாமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். துணியை விரித்த பிறகு அந்தத் துணியில் நடந்து எல்லோரும் உள்ளே போவார்கள், விரித்தவள் வேலிக்கரைக்குப் போவாள். அந்தத் தூரத்தைத்தான் அவன் அன்று, நல்ல இடம் அகப்பட்டது என்று சந்தோசப்பட்டுப் பயன்படுத்தினான். பின்னால் இருப்பது எவ்வளவுக்கு எட்ட இருக்கிறதோ அவ்வளவுக்கு உருகும். கமராவுக்கு அது ஒளியின் கணக்கு. ஆனால் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது ஒளி இல்லை.

அவன் படத்தைக் கையில் எடுத்தான். மாமரம். கிணறு. வேலி. சூம் இழுபட்டதால் வேலி கிட்ட வந்து கலங்கிக் கிடந்தது. சூம் இழுக்க முதல் எப்படி இருந்தது?

"கதிரை" என்றான்.

"என்ன அண்ணை?"

"கதிரைப் படம். பிள்ளை, கதிரைப் படத்திலை எல்லாம் தெளிவு."

அவனுடைய பழைய கணினி ஒரு மாரி மின்னலில் எரிந்து போனது. இனி உலகத்தில் அந்தப் படம் இருந்தால் ஓரிடத்தில்தான் இருக்கும், நேசமலரின் அலுமாரிக்குள். குகதாசன் கடையைப் பூட்டினான். போகிற வழியில், நேசமலர் கேட்கப் போகிற கேள்விகளைத் தக்சாயினிக்குச் சொல்லி வைக்க நினைத்தான். பிறகு, இவளுக்கு அதை நானா சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டான்.

நேசமலர் இப்போது அந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்கிறார். கதிரைத் தம்பியோ, வா வா என்று கூப்பிட்டார். கூட வந்த பிள்ளை தாதி என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. விறாந்தைக்குள் கூட்டிப் போய்ச் சோபாவில் இருத்தி, இரண்டு நாளாய்த் தலைச்சுற்று என்று கையை நீட்டினார். தக்சாயினி மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேசமலர் பேச்சை விடவில்லை. நெல்லியடியோ? நெல்லியடியில் எவடம்? ஆரின்ரை மோள்? ஊரைக் கேட்பது போலக் கேட்டு ஆளை அளக்கிற அந்தக் கேள்விகளை அவர் யோசித்துக் கேட்கவில்லை. மூச்சு விடுவது போல வந்தன.

தக்சாயினி மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். கையை எடுக்கவில்லை.

"தவமணியின்ரை மோள் அன்ரி. உதயகலா அக்காவின்ரை கலியாணத்துக்கு நிலபாவாடை விரிச்ச தவமணி."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நேசமலர் கையை இழுக்கவில்லை. இழுக்க நினைத்தாரோ என்னவோ, நாடி மட்டும் சட்டென்று வேகமாக ஓடியது என்று தக்சாயினி பிறகு குகதாசனுக்குச் சொன்னாள்.

"நாடி கொஞ்சம் வேகமாய்க் கிடக்கு, பிறசரும் பாக்க வேணும். மருந்தை விடாமல் போடுங்கோ" என்றாள் தக்சாயினி. பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அம்மாவின் முகம் வேண்டும், அது உங்கள் சீடிக்குள் இருக்கலாம்.

நேசமலர் எழும்பி உள்ளே போனார். திரும்பி வர நேரமெடுத்தது. குகதாசன் எழும்பி நிற்கலாமா என்று யோசித்தான். தக்சாயினி சோபாவில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

நேசமலர் வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. அதற்குள் கோயில் திருவிழா, பேரப்பிள்ளையின் பிறந்தநாள், கலியாணம் என்று சீடிகள். ரீவிக்குக் கீழே பழைய டிவிடி பெட்டி இன்னும் உயிரோடிருந்தது. சீடியைப் போட்டார்கள். உள்ளே கரகரவென்று சுற்றியது. வட்டு இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. திரும்பப் போட்டார்கள். திரும்பவும் அதுவே.

மடியில் இருந்த தக்சாயினியின் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

குகதாசன் சீடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பூஞ்சணம் ஓரமாகப் படர்ந்திருந்தது. ஓரத்தில் என்றால் பரவாயில்லை, சீடியில் எழுதுவது நடுவிலிருந்துதான் தொடங்கும். முதற்படங்கள் நடுவில். சட்டை நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வட்டமாகத் தேய்க்காமல், நேர்கோடாகத் துடைத்தான். மூச்சு விட்டு மீண்டும் துடைத்தான். போட்டான். கரகரத்தது. நின்றது. மறுபடி சுற்றியது.

கதிரை வந்தது.

மாமர நிழலில் வெறுங்கதிரை. அதன் பிரம்புப் பின்னல்கூடத் தெளிவு. பின்னால் கிணறு தெளிவு, துலாக் கயிறு தெளிவு, கவிழ்த்து வைத்த சமையல் கிடாரங்கள் தெளிவு. ஆனால் வேலிக்கரையில் ஒருவரும் இல்லை. இரண்டாவது படம். அதே கதிரை. வேலிக்கரையில் செம்மஞ்சள் சீலையோடு ஒரு பெண். மடித்த வெள்ளைத் துணி தோளில். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பெருவிரல் நகமளவு.

"பெருப்பிக்கலாம்" என்றார் நேசமலர். "இதிலை சூம் இருக்கு. பேரப்பிள்ளையளை நான் அப்பிடித்தான் பாக்கிறனான்."

றிமோட் அவர் கையில் இருந்தது. அமத்தினார். கதிரை திரையை விட்டுப் போனது. அமத்தினார். கிணறு போனது. அம்புக்குறியை இடப்பக்கம் தள்ளித் தள்ளி இன்னொருதரம் அமத்தினார்.

தவமணி அந்த வீட்டு விறாந்தைச் சுவரை நிறைத்துக்கொண்டு சிரித்தாள். யாரைப் பார்த்தோ, எதைக் கேட்டோ, வாயைத் திறந்து சிரித்தாள். புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு, ஸ்திரிக்கைப் பெட்டியின் தணற்பொறி பட்டிருக்க வேண்டும். முன்பல் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. ஆனாலும் அது முகம். எவரும் செய்த முகமில்லை, அன்றைய வெயில் எழுதிய முகம்.

உயிரோடிருந்த காலத்தில் தவமணி அந்த விறாந்தைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. வைக்க விடவில்லை.

நேசமலர் றிமோட்டை மடியில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"எங்கடை தவமணி" என்றார்.

தக்சாயினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கடை இல்லை அன்ரி. என்ரை."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நேசமலர் எழும்பிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி வந்தது, மூன்று கோப்பை, மூன்றும் பூப்போட்ட ஒரே மாதிரிக் கோப்பை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் நூற்றாண்டு அநியாயம் கழுவுப்படும் என்று நினைக்க நான் குழந்தை இல்லை. அந்தக் கோப்பை வரவேண்டிய காலத்துக்கு மிகவும் பிந்தி வந்தது, வரவேண்டியவளுக்கு வரவேயில்லை. ஆனால் வந்தது. தக்சாயினி அதை ஆறுதலாகக் குடித்து முடித்தாள். சீனி கூடிப்போச்சு என்றும் சொன்னாள். உங்களுக்கும் அது கூடாது என்று அவள் சொன்னதை நேசமலர் கேட்டுக்கொண்டார்.

சீடியையும் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து, அதிலிருந்து படத்தை எடுத்து, அந்த முகத்தைத் தபாலட்டை அளவில் குகதாசன் அச்செடுத்தான். ஒன்றையும் திருத்தவில்லை. தழும்பையும் தொடவில்லை. தக்சாயினி ஈரம் காய முதலே வாங்கிவிட்டாள். வாங்குப் பலகையில் இருந்தபடி கனநேரம் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, அந்த வெள்ளைத்தோல் மனுசியை அழித்தாள்.

"அடுத்த மாதம் பல்லுக்குக் கம்பி போட இருந்தனான் அண்ணை. நாள் எடுத்தாச்சு" என்றாள்.

"பிறகு?"

"என்ன பிறகு? அது ஆரின்ரை பல்லெண்டு இப்பதானே தெரியும்."

தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னாள், அந்தச் சவுக்காரப் பெட்டியாலேயே. சின்னம்மாவுக்கு இரண்டையும் சோடியாகக் கொடுக்க வேண்டுமாம். குகதாசன் கதிரையைத் தூக்கிக் கடை வாசலுக்குக் கொண்டுபோனான். சுவரிலிருந்து தள்ளி, வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தான். கமராவை இயக்கி, பழக்கதோசத்தில் வெறுங்கதிரையைக் குறிபார்த்தான். அதற்குள் அவள் வந்து இருந்துவிட்டாள். சந்தையடியில் நின்ற ஜெயரூபன், கதிரையிலை இண்டைக்கு ஆளும் இருக்குதடா என்று சத்தம் போட்டான்.

தக்சாயினி சிரித்தாள். கை வாயருகே போகவில்லை.

குகதாசனின் விரல் சூமில் இருந்தது. விரலை அதிலிருந்து எடுத்து, சூம் இழுக்காமலே அமத்தினான். ஏறிக் கிடந்த முன்பல்லும், அவளுக்குப் பின்னால் சந்தியும், சந்தியில் திரும்புகிற பஸ்சும், வெங்காயச் சாக்கில் சாய்ந்து நின்ற ஜெயரூபனும், எல்லாமே தெளிவாக விழுந்தன.